அவன் மட்டும் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்!

தோற்ற மறுநாள் காலையில் இந்த வாக்கியம் தவறாமல் வந்துவிடும். ஜமுனாமரத்தூர் டீக்கடையிலும் வரும், டி.வி.யில் கோட்டு போட்டுக்கொண்டு பேசுகிறவர்கள் வாயிலும் வரும். "முக்கியமான பிளேயருக்கு அடி. அவன் மட்டும் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

மலையிலும் அடிவாரத்திலுமாக 31 வருடம் பி.டி. வாத்தியாராக விசில் ஊதியவன் நான். விளையாட்டுப் பிள்ளைகளுக்கு இந்த ஒரு வாக்கியம் செய்த கெடுதலை வேறு எந்த வாக்கியமும் செய்ததில்லை என்பது என் கட்சி. கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளலாம். முழுதும் படித்துவிட்டுக் கோபித்துக்கொண்டால் போதும்.

இதில் இரண்டு பொய் இருக்கிறது. தோல்விக்குக் காரணம் அடிபட்டவன் இல்லாததுதான் என்பது முதல் பொய். அப்படியானால் எப்படியாவது அவனை இறக்கிவிட்டால் ஜெயிக்கலாமே என்பது, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருகிற இரண்டாவது பொய். முதலாவதால் நாம் நம்மையே ஏமாற்றிக்கொள்கிறோம். இரண்டாவதால் ஒரு பையனின் முழங்கால் போகிறது.

முதல் பொய்யை முதலில் பார்ப்போம். நம் இந்திய டீமையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2019 செப்டம்பர் 10. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் தோஹாவில் கத்தாரோடு மேட்ச். கத்தார் அப்போது ஆசிய சாம்பியன். நம் பக்கம் சுனில் சேத்ரி உடம்பு சரியில்லாமல் ஆடவில்லை. கோல் போட நமக்கு இருந்த ஒரே நம்பகமான ஆள் அவர்தான். எல்லோரும் அடி வாங்கப்போகிறோம் என்று நினைத்தோம். குர்ப்ரீத் கோலில் சுவராக நின்றார், நடுவில் சந்தேஷ் ஜிங்கன் நின்றார், 0-0 என்று டிரா ஆனது.

ஒரு மாதம் போனது. அக்டோபர் 15, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், அறுபதாயிரம் பேர் கூட்டம். எதிரே ரேங்க் பட்டியலில் 187-ஆவது இடத்தில் இருந்த வங்கதேசம். இந்த முறை சேத்ரி இருக்கிறார். ஆனால் ஜிங்கன் இல்லை. ஆறு நாள் முன்னால் குவாஹாத்தியில் நடந்த பயிற்சி ஆட்டத்தில் அவருக்கு முழங்கால் போய்விட்டது. வங்கதேசம் முதலில் கோல் போட்டுவிட்டது. 88-ஆவது நிமிடத்தில் ஆதில் கான் தலையால் முட்டி 1-1 ஆக்கினார், மானம் தப்பியது. நவம்பரில் ஆப்கானிஸ்தானோடு 1-1, ஓமனோடு 0-1.

"பார்த்தீர்களா, ஜிங்கன் இல்லாததால்தானே?" என்று நண்பர் ஒருவர் அப்போதே கேட்டார். நானும் ஒரு கேள்வி கேட்டேன். அதே ஆண்டு செப்டம்பர் 5-இல் அதே ஓமன் குவாஹாத்தியில் கடைசிப் பத்து நிமிடத்தில் இரண்டு கோல் போட்டு நம்மை 2-1 என்று ஜெயித்ததே, அன்றைக்கு ஜிங்கனும் இருந்தார், சேத்ரியும் இருந்தார். அந்தத் தோல்விக்கு யார் இல்லாததைக் காரணம் சொல்வது?

நண்பர் டீயைக் குடித்து முடித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

நல்ல ஆட்டக்காரன் இல்லாவிட்டால் டீம் பலவீனம் ஆகும், சந்தேகமே இல்லை. ஜிங்கன் மாதிரி ஒரு ஸ்டாப்பர் போனால் பின்வரிசை தடுமாறத்தான் செய்யும். ஆனால் ஃபுட்பாலில் அடிபடாத ஆள் யார்? மழைக்காலத்தில் மழை வருகிற மாதிரி, சீசன் என்றால் காயம் வரும். மழை வரும் என்று தெரிந்தும் கூரை வேயாதவன், வீடு ஒழுகியதும் மழையைத் திட்டினால் நம் ஊர்க் கிழவிகளே சிரிப்பார்கள்.

2019-இல் நடந்தது 2024-இல் திரும்ப நடந்தது. ஜனவரி 23, ஆசியக் கோப்பையில் சிரியாவோடு ஆட்டம். ஜிங்கனுக்கு மறுபடியும் முழங்காலில் அடி, இடைவேளையோடு வெளியே போனார். 76-ஆவது நிமிடத்தில் கோல் வாங்கி 0-1 என்று தோற்றோம். மார்ச்சில் ஆப்கானிஸ்தானோடு முதலில் 0-0, பிறகு 26-ஆம் தேதி குவாஹாத்தியில் நம் மண்ணிலேயே 1-2 தோல்வி. அது சேத்ரியின் 150-ஆவது சர்வதேச ஆட்டம், நம் ஒரே கோலும் அவர் போட்ட பெனால்டிதான். ஆனால் அன்றைக்கு வந்திருந்த ஆப்கான் டீமின் நிலை என்ன தெரியுமா? தங்கள் நாட்டுச் சங்கத்தோடு தகராறு செய்துகொண்டு அவர்களுடைய முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் வரவே இல்லை. ஒரு ஜிங்கன் இல்லை என்று நாம் அழுதோம். பாதி டீம் இல்லாத அவர்கள் ஜெயித்துவிட்டுப் போனார்கள்.

ஐந்து வருட இடைவெளி இருந்தும், அதே ஒருவரின் முழங்காலை நம்பித்தான் பின்வரிசை நின்றது என்றால் குற்றம் முழங்காலுடையதா?

பெரியவர்களுக்குப் பெலேயைச் சொன்னால்தான் திருப்தி. அதையும் சொல்கிறேன்.

1962 உலகக் கோப்பை, சிலி நாட்டில். இரண்டாவது ஆட்டத்திலேயே செக்கோஸ்லோவாக்கியாவோடு ஆடும்போது பெலேவுக்குத் தொடைத் தசை கிழிந்துவிட்டது. அந்தக் காலத்தில் மாற்று ஆள் இறக்க விதி கிடையாது. ஓரமாக நொண்டிக்கொண்டே மைதானத்தில் நின்றார். அவரிடம் பந்து வந்தபோது செக் வீரர் மசோபுஸ்ட் முட்டி மோதாமல் ஒதுங்கி நின்றதைப் பெலே கடைசிவரை நன்றியோடு சொல்லிக்கொண்டிருந்தார். அத்தோடு அவருக்கு அந்த உலகக் கோப்பை முடிந்தது. பிரேசில் என்ன செய்தது? அமரில்டோ என்ற 22 வயதுப் பையனை இறக்கியது. ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோலும் அவன்தான் போட்டான். ஃபைனலிலும் ஒன்று போட்டான். கரிஞ்சா தன் பங்குக்கு நான்கு கோல். கோப்பை பிரேசிலுக்கு.

இப்போது 2014. பிரேசிலிலேயே உலகக் கோப்பை. கால் இறுதியில் நெய்மாருக்கு முதுகெலும்பில் அடி. கேப்டன் தியாகோ சில்வாவும் மஞ்சள் அட்டைக் கணக்கால் அடுத்த ஆட்டத்தில் இல்லை. ஜூலை 8, ஜெர்மனியோடு அரை இறுதி. தேசிய கீதம் பாடும்போது நெய்மாரின் பனியனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கண்கலங்க நின்றார்கள். பிறகு ஏழு கோல் வாங்கினார்கள்.

நெய்மார் கோல் போடுகிற ஆள். அவர் இல்லாததால் பிரேசில் கோல் போடவில்லை என்றால் புரிகிறது. ஏழு கோல் வாங்கியதற்கு அவர் எப்படிக் காரணம் ஆவார்? 1962-இல் பிரேசில் இல்லாத ஆளை விட்டுவிட்டு இருக்கிற ஆளைப் பார்த்தது. 2014-இல் இருக்கிற பதினோரு பேரை மறந்துவிட்டு இல்லாதவனின் பனியனைப் பார்த்தது. அந்த அழுகைதான் டீமைச் சாய்த்தது என்று நான் சொல்வேன்.

இனி இரண்டாவது பொய். இதுதான் என்னைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தது.

அடிபட்டவனை ஆடச் சொல்கிறவர்கள் எல்லோரும் ஒரு கதை வைத்திருப்பார்கள். நம் நாட்டில் அது ஜர்னைல் சிங் கதை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 0-2 என்று தோற்ற டீம், கடைசியில் அதே தென் கொரியாவை 2-1 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கியது. நடுவில் தாய்லாந்தோடு ஆடும்போது ஜர்னைலுக்கு மண்டையில் அடி, ஆறு தையல். அந்தத் தையலோடு அரை இறுதியிலும் கோல் போட்டார், ஃபைனலிலும் கோல் போட்டார். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் ஒன்று.

"ஜர்னைல் தலையில தையலோட ஆடலையா? உனக்கு என்னடா, முட்டி வலின்னு மூலையில உட்கார்ந்திருக்கே?" என்று பையனைப் பார்த்துக் கேட்ட வாத்தியார்களையும் ஊர்ப் பெரியவர்களையும் நான் எத்தனையோ பேர் பார்த்திருக்கிறேன்.

ஐயா, கதையை முழுதாகச் சொல்லுங்கள். ஜர்னைல் ஸ்டாப்பர், பின்வரிசைக்காரர். கோச் ரஹீம் சாஹிப் அவரை அதே இடத்தில் திரும்ப நிறுத்தவில்லை. பின்வரிசையை அருண் கோஷிடம் கொடுத்துவிட்டு ஜர்னைலை முன்வரிசைக்கு அனுப்பினார். ஸ்டாப்பர் வேலை பார்க்க வேறொரு ஆள் தயாராக இருந்ததால்தான் அது முடிந்தது. கோலிலும் அப்படித்தான். அரை இறுதியில் பிரத்யுத் பர்மன் நின்றார், ஃபைனலில் மெட்ராஸ் ரெஜிமென்டில் இருந்து வந்த நம் பீட்டர் தங்கராஜ் நின்றார். ஒரே வேலைக்கு இரண்டு பேரைப் பழக்கி வைத்திருந்த மனிதரின் வெற்றி அது. நாம் அதில் தையலை மட்டும் எடுத்துக்கொண்டோம், ரஹீமை விட்டுவிட்டோம். அவர் 1963 ஜூனில் புற்றுநோயால் போய்விட்டார். அதற்குப் பிறகு ஆசிய விளையாட்டு ஃபுட்பாலில் நமக்குத் தங்கம் வரவே இல்லை. ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர் வந்தார்கள். இல்லாமல் போனது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. நெற்றித் தையல் வேறு, முழங்கால் வேறு. தோல் ஒட்டிக்கொள்ளும். முழங்காலுக்குள் இருக்கிற ஏ.சி.எல். என்கிற தசைநார் முழுதாக அறுந்தால் பெரும்பாலும் தானாக ஒட்டுவதில்லை.

இதை நம் ஊரில் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்குகிறேன். இந்த அடிக்கு எதிராளி மோத வேண்டும் என்பதில்லை. ஓடி வந்து சட்டென்று திரும்பும்போது, எம்பிக் குதித்துக் கீழே ஊன்றும்போது, கால் நிலத்தில் நிற்கும், உடம்பு திரும்பும். உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம் கேட்டது என்று பையனே சொல்வான். சில மணி நேரத்தில் முட்டி பூசணிக்காய் மாதிரி வீங்கிவிடும். சில நாளில் வீக்கம் வடிந்து, நேராக நடக்க முடியும். அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறோம். "நடக்கறான்ல, சரியாப் போச்சு" என்கிறோம். நேராக நடக்க அந்தத் தசைநார் அவ்வளவாக வேண்டாம். திரும்பும்போதுதான் வேண்டும். திரும்பினால் முட்டி நழுவும். ஒவ்வொரு தடவை நழுவும்போதும் நாம் ஜவ்வு என்று சொல்கிற உள் மெத்தை கிழிந்துகொண்டே வரும். ஆபரேஷன் செய்துகொண்டவர்களே மறுபடி பந்து ஆட ஒன்பது மாதம், ஒரு வருடம் ஆகும். புத்தூர் கட்டை நான் குறை சொல்லவில்லை. எலும்பு முறிந்து அங்கே போய்க் குணமானவர்கள் நம் மலையிலேயே இருக்கிறார்கள். ஆனால் அறுந்த தசைநாரை எந்தக் கட்டும் சேர்க்காது.

பணம் உள்ள இடத்தில் என்ன நடக்கிறது? 2020 நவம்பர் 20, கோவாவில் ஐ.எஸ்.எல். முதல் ஆட்டம். ஏ.டி.கே. மோகன் பகானுக்கு ஜிங்கன் ஆடினார். 2019 அக்டோபரில் போன முழங்கால், ஒரு சீசன் முழுவதும் வெளியே இருந்து, ஆபரேஷன், பயிற்சி எல்லாம் முடித்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகித் திரும்பிய ஆட்டம் அது. அதே ஆட்டத்தின் 14-ஆவது நிமிடத்தில் அதே டீமின் மைக்கேல் சூசைராஜ் முழங்காலைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். கன்னியாகுமரி மாவட்டத்துக் கடற்கரைப் பையன், நம்ம ஆள். அந்த சீசன் அவருக்கு அத்தோடு முடிந்தது. டீம்? சுபாஷிஷ் போஸ் உள்ளே வந்தார், அன்றைய ஆட்டம் 1-0 வெற்றி, கடைசியில் ஃபைனல் வரை போனது. சூசைராஜை ஊசி போட்டு இறக்க வேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. பெஞ்சில் ஆள் இருந்தார், பக்கத்தில் டாக்டர் இருந்தார்.

நம் மலைப் பையனுக்கு இரண்டும் இல்லை.

சில வருடங்களுக்கு முன்னால், அடிவாரத்தில் ஒரு டோர்னமென்ட். நம் பக்கம் கபடியும் வாலிபாலும்தான் அதிகம். ஃபுட்பால் ஆடுகிற பிள்ளைகள் குறைவு. அதனால் ஒரு டீமில் நன்றாக ஆடுகிற ஒரு பையன் இருந்தால் அவன்தான் டீம். பதினொன்றாம் வகுப்பு, மேல் கிராமத்துப் பையன், ஸ்டாப்பர். பந்தைத் தலையால் முட்டிவிட்டு ஊன்றியபோது முட்டி திரும்பியது. பக்கத்தில் யாரும் இல்லை. நான் அன்றைக்குக் கோட்டோரம் கொடி பிடித்துக்கொண்டிருந்தேன். அவன் முகத்தைப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. டீமை அழைத்து வந்தவர்களிடம் போய், "இவனை இனி இறக்காதீங்க, ஸ்கேன் பார்க்கணும்" என்று சொன்னேன். தலையை ஆட்டினார்கள்.

பத்து நாள் கழித்து ஃபைனல். பையன் முட்டியில் எலாஸ்டிக் கட்டு, மேலே ஸ்பிரே, வாயில் வலி மாத்திரை. "நீ இல்லேன்னா டீம் தோத்துடும்டா" என்று சொல்லி இறக்கினார்கள். இருபதாவது நிமிடத்தில் நடு மைதானத்தில் உட்கார்ந்துவிட்டான். டீம் மூன்று கோலில் தோற்றது. மாலையில் பஸ் ஏறும்போது அவர்களில் ஒருவர் சொன்னார்: "அவன் மட்டும் நல்லா இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்."

பையன் ஏன் ஒப்புக்கொண்டான் என்று கேட்பீர்கள். கோப்பைக்காக இல்லை. சர்டிபிகேட்டுக்காக. விளையாட்டு ஒதுக்கீட்டில் காலேஜ் சீட்டு, அப்புறம் ஒரு அரசு வேலை. மலையில் பிறந்த பிள்ளைக்கு அந்தக் காகிதம் எவ்வளவு பெரியது என்று இங்கே இருக்கிற நமக்குத் தெரியும். அந்த ஆசையைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

பல மாதம் கழித்து வேலூரில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோது தசைநாரோடு இரண்டு பக்க ஜவ்வும் போயிருந்தது. அவன் அப்பா என்னிடம் வந்து நின்றார். "சார், பந்து போனாப் போவுது. சாமைக் கொல்லையில ஏர் புடிக்கச் சொன்னா சரிவுல காலு நழுவுதுங்கறான். பலா மரம் ஏற மாட்டேங்கறான். நான் என்ன சார் பண்றது?" என்றார். சமவெளியில் இருக்கிறவனுக்கு முழங்கால் போனால் பந்து மட்டும் போகலாம். நம் மலையில் கொல்லை சரிவு, பாதை சரிவு. தேன் எடுக்கப் போனாலும் பாறை ஏற வேண்டும். இங்கே முழங்கால்தான் சோறு.

அதனால் கேட்கிறேன். ஒரு டீமில் பதினைந்து பேரை அழைத்துப் போகிறீர்களே, பதினோரு பேருக்கு மட்டும் ஏன் பயிற்சி? ஸ்டாப்பருக்கு ஒரு மாற்று, கோலிக்கு ஒரு மாற்று என்று பயிற்சியின்போதே இடம் மாற்றி ஆட வைத்தால் காசா செலவாகிறது? உலகக் கோப்பையில் 1970-இலேயே மாற்று ஆட்டக்காரர் விதி வந்துவிட்டது. இப்போது பெரிய ஆட்டங்களில் ஐந்து பேர் வரை மாற்றலாம். விதி மாறிவிட்டது, நம் புத்தி 1962-இல் நொண்டிக்கொண்டு நிற்கிறது.

முட்டி வீங்கிய பிள்ளையை டாக்டர் எழுத்தில் சொல்லாமல் இறக்கக்கூடாது என்று டோர்னமென்ட் நடத்துகிறவர்கள் ஒரு வரி விதி எழுதினால் போதும். பேனர் அடிக்கவும் மேடை போடவும் வசூலிக்கிற பணத்தில், அடிபடுகிற பிள்ளையை மலை இறக்கி ஸ்கேன் எடுக்க ஒரு பங்கு ஒதுக்குங்கள். வி.ஐ.பி. ஒருவருக்குப் போர்த்துகிற சால்வையைக் குறைத்தால் வண்டி வாடகை வந்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒன்று. உங்கள் பிள்ளையை வலியோடு ஆடச் சொன்னால், வாத்தியார் சொன்னாலும் சரி, தலைவர் சொன்னாலும் சரி, மைதானத்துக்குள் போய்க் கையைப் பிடித்து வெளியே கூட்டி வாருங்கள். கூட்டம் கத்தும், கத்தட்டும். ஆட்டம் முடிந்ததும் கூட்டம் வீட்டுக்குப் போய்விடும். அந்தக் காலோடு வீட்டுக்கு வருவது உங்கள் பிள்ளை.

அந்தப் பையன் இப்போது ரோட்டோரம் ஒரு கடையில் உட்கார்ந்து தேன் பாட்டிலும் சாமை அரிசியும் விற்கிறான். கோடை விழாவுக்கு மலையேறுகிறவர்கள் அவனிடம் வாங்கியிருக்கலாம். போன மாதம் அந்த வழியாகப் போனபோது, பள்ளி மைதானத்தில் பந்து ஆடுகிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எப்படிடா ஆடறாங்க?" என்றேன். "பின்னாடி ஒருத்தன்தான் சார் இருக்கான். அவன் போனா அவ்ளோதான்" என்றான்.

அந்த டீமை நடத்துகிறவர்கள் இதைப் படிப்பார்கள் என்று நம்புகிறேன். பின்வரிசையில் இன்னொருத்தனை இன்று மாலையே நிறுத்துங்கள்.